அப்பா தொடாத குமிழ்

"பிள்ளை, ரிசேவ் எங்க?"

விமானத்தின் எஞ்சின் நின்ற பிறகு அப்பா கேட்ட முதற்கேள்வி இதுதான். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. பரந்தன் சந்தியில் இருந்த அவருடைய கராஜுக்கு யாராவது மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தால் எப்படிக் கேட்பாரோ, அப்படியே கேட்டார்.

முரசுமோட்டை வயல்களுக்கு மேலே, தென்னைகளைத் தனித்தனியாக எண்ணக்கூடிய உயரத்தில் நாங்கள் இருவரும் இருந்தோம். முன்விசிறி காற்றுக்குச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. இரைச்சல் அடங்கிப்போன அந்தச் சின்னக் கூட்டுக்குள் அப்பா காலையில் பூசிய விபூதி மணத்தது.

போன வாரம் என் முதல் தனிப்பறப்பைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு மல்லாவியிலிருந்து ஒரு ரீச்சர் கடிதம் போட்டிருந்தார். "எல்லாம் சரி தங்கச்சி, அப்பா அம்மாவை ஒருநாளும் ஏத்திக்கொண்டு போகேல்லையோ?"

ஏற்றினேன் ரீச்சர். அப்பாவை, ஒரே ஒரு தடவை. இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஒரு தடவையைத் தொடாமல் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வாய் நீளமானவள் என்று எனக்குப் பெயர். இந்த ஒரு விசயத்தில் மட்டும் வாயே திறந்ததில்லை.

இருமினால் திருப்பு

பழைய மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்கு ரிசேவை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெற்றோல் தாங்கிக்குக் கீழே, இடது முழங்காலுக்குக் கிட்ட, ஒரு குமிழ் இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் பெற்றோல் வரும், இன்னொரு பக்கம் திருப்பினால் மூடும், மூன்றாவது பக்கம் ரிசேவ். ரிசேவ் என்றால் தனித் தாங்கி இல்லை. அதே தாங்கியின் அடியில் கிடக்கிற கடைசி ஒரு லீற்றர்தான்.

எஞ்சின் இருமும்வரை அந்தக் குமிழில் கை வைக்கக்கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம். "முதலே திருப்பி வைக்கிறவன் நடுவழியில நிப்பான்" என்பார் அப்பா. அவர் சொன்னதில் பிழை இல்லை. இருமல்தான் எச்சரிக்கை. முன்கூட்டியே ரிசேவில் ஓடினால் அந்த எச்சரிக்கை கிடைக்காது.

பெற்றோல் காணக் கிடைக்காத காலத்தில் வளர்ந்தவள் நான். ஒரு மருந்துப் போத்தலில் பெற்றோலை வைத்திருந்து, நாலு சொட்டு விட்டு உதைத்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். புகையில் ஊர் முழுக்க இருமும். அந்த இருமல்களுக்கு நடுவிலும் ஒழுங்கைக்குள் வருவது யாருடைய மோட்டார் சைக்கிள், அதற்கு என்ன குறை என்று அப்பா கதிரையில் இருந்தபடியே சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்தில் அவருடைய காதுக்கு அவ்வளவு பெயர்.

கைக்கும் பெயர்தான். ஓர் எஞ்சினைக் கண்டால் அந்தக் கை சும்மா இராது. கலியாண வீட்டுக்குப் போனால் மணவறையைப் பார்க்கமாட்டார், பின்பக்கம் போய் ஜெனறேற்றரைப் பார்ப்பார். அம்மா போய் இழுத்துக்கொண்டு வருவா.

உடையார்கட்டுக்குப் போன லீற்றர்

சண்டை நெருங்கி ஊரோடு வெளிக்கிட்ட நாளில் எங்களிடம் இருந்தது அந்த ஒரு மோட்டார் சைக்கிள். நான் முன்னால் தாங்கியில் குந்தியிருந்தேன். அப்பாவுக்குப் பின்னால் அம்மா, மடியில் ஒரு பை. தாங்கியில் கிடந்தது கொஞ்சம்தான். வாரக்கணக்காக ஓடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தது.

விசுவமடு தாண்டியதும் எஞ்சின் இருமியது. முன்னுக்கும் பின்னுக்கும் சனம். அம்மா, "இதுக்குள்ளயோ நிக்கப்போகுது, பிள்ளையாரே" என்றா. அப்பா குனிந்துகூடப் பார்க்கவில்லை. இடது கை கீழே போய்க் குமிழைத் திருப்பியது. எஞ்சின் இன்னும் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. உடையார்கட்டு வரை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை இந்த அத்தியாயத்துக்குள் கொண்டுவரப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மற்றவர்கள் பிள்ளையாரை நம்புவது போல நான் அன்றிலிருந்து ரிசேவை நம்பினேன். இருமும், திருப்புவோம், பிடிக்கும். இது எனக்குள் அப்படி ஊறிப்போயிருந்தது.

இடது, வலது

நான் பறக்கப் படித்த சிறிய விமானத்துக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு தாங்கிகள். எஞ்சின் ஒரு நேரத்தில் ஒரு தாங்கியிலிருந்துதான் குடிக்கும். எதிலிருந்து குடிப்பது என்பதைத் தீர்மானிக்க இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு குமிழ்.

அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாங்கியை மாற்றவேண்டும். மாற்றும்போது பெற்றோலைத் தள்ளிவிடும் மின்பம்பைப் போடவேண்டும். எந்தத் தாங்கியையும் வற்றவிடக்கூடாது. தாழப் பறக்கும்போது குமிழோடு விளையாடக்கூடாது. எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வேன். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே எனக்குத்தான் கூடப் புள்ளி. பாடமாக்கினது ஒன்று, ஊறினது ஒன்று என்பது அப்போது தெரியாது.

ஆளை ஏற்றிப் பறக்கும் லைசன் கையில் கிடைத்த கொஞ்ச நாளில், எங்கள் பள்ளியின் விமானம் ஒன்று வடக்கில் ஓர் ஓடுதளத்துக்கு வந்து நின்றது. ஒரு மணித்தியாலத்துக்கு அனுமதி எடுத்தேன். இரணைமடு வரை போய்த் திரும்புவது. அப்பா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேட்டோடு வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, விமானத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். எஞ்சின் மூடியில் காதை வைத்துவிட்டு, "இதுக்கு ரெண்டு தாங்கியோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. இண்டைக்கு முழுக்க இடதிலதான் ஓடப்போறம். வலதைத் தொடாமல் வைச்சிருப்பம், ரிசேவ் மாதிரி."

"அப்ப பயமில்லை" என்று ஏறி இருந்தார்.

விமானப் பெற்றோல் அந்தப் பக்கத்தில் கிடையாது. வலது தாங்கி முழுதாக இருந்தது, இடதில் அரைக்குக் கீழே. ஆறு மாதம் படித்த எவரும் வலதில் தொடங்கியிருப்பார்கள், அல்லது இரண்டையும் மாறிமாறிப் பாவித்திருப்பார்கள். நிறைந்த தாங்கியைப் பொத்தி வைத்துவிட்டு வற்றுவதில் ஓடவேண்டும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளையைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்?

ஆனையிறவைக் கடந்தோம். பரந்தனில் கராஜின் துருப்பிடித்த தகரக் கூரையை அப்பாதான் முதலில் கண்டார். "மேல ஒரு தகரம் கிளம்பிக் கிடக்குது, மழைக்கு முன்னம் அடிக்கவேணும்" என்றார். இரணைமடுவில் திரும்பி முரசுமோட்டைக்கு வந்தபோது, வயல் வரம்பில் சிவப்புத் துவாயை அசைத்துக்கொண்டு அம்மா நின்றா.

"இன்னொருக்காச் சுத்து பிள்ளை. கொம்மா என்னைக் காணேல்லை."

இறங்கிச் சுற்றினேன். "இன்னும் ஒருக்கா" என்றார். இன்னும் இறங்கினேன்.

இந்த இடத்தில்தான் இத்தனை வருடமாக என் பேனை நிற்கிறது. நான் மறக்கவில்லை. மறந்துபோனேன் என்றால் அது வேறு கதை. மணிக்கூட்டைப் பார்த்தேன். மாற்ற வேண்டிய நேரம் எப்போதோ கடந்திருந்தது. இடது தாங்கியின் முள் அடியில் கிடந்தது. பார்த்துவிட்டு, இருமட்டும், திருப்புவோம் என்று விட்டேன்.

இருமியது. நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். உடையார்கட்டு இருவருக்கும் நினைவு வந்திருக்கும். குமிழை வலதுக்குத் திருப்பினேன்.

பிடிக்கவில்லை. வற்றிய குழாயில் காற்று ஏறியிருந்தது. மின்பம்பைப் போட்டிருந்தால் பிடித்திருக்கும். என் கை அங்கே போகவில்லை, பிடிக்கும் பிடிக்கும் என்று குமிழிலேயே கிடந்தது. மோட்டார் சைக்கிள் என்றால் தெருவோரம் உருட்டி நிறுத்தலாம். இங்கே நான் பம்பை நினைத்தபோது தென்னை வட்டுகள் எங்கள் மட்டத்துக்கு வந்துவிட்டன.

"பிள்ளை, ரிசேவ் எங்க?"

"போட்டாச்சு அப்பா."

"அப்ப ஏன் பிடிக்குதில்லை?"

அரிதாளுக்குள்

அரிவு வெட்டு முடிந்து, வயலில் நெல்லின் அடித்தாள்தான் நின்றது. அது எங்கள் புண்ணியம். சில்லுகள் அரிதாளில் முட்டின, வைக்கல் தூசு கண்ணாடியை மறைத்தது, முதல் வரம்பு முன்சில்லை எடுத்தது, இரண்டாவது வரம்பு எங்களை நிறுத்தியது. அப்பாவின் நெற்றி முன்பலகையில் அடிபட்டுப் புருவம் பிளந்தது. வெள்ளைச் சேட்டில் இரத்தம் சொட்டச் சொட்ட, "இறங்கு பிள்ளை, பெற்றோல் மணக்குது" என்று என்னைத்தான் முதலில் தள்ளினார்.

லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். யாரோ ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து நடு வயலில் போட்டு அப்பாவை இருத்தினார்கள். அம்மா வரம்பால் ஓடிவந்து, இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது என்று கண்டதும் சிவப்புத் துவாயால் அப்பாவின் நெற்றியைக் கட்டினா. பிறகு தண்ணீர் எடுக்க ஓடினா.

நான் கதிரைக்குக் கீழே குந்தியிருந்து அழுதேன். "என்ர லைசன் போச்சு அப்பா. வருவாங்கள், கேப்பாங்கள். என்ன சொல்லுறது?"

பெரிய விமானங்களுக்கான படிப்புக்கு அந்த மாதம்தான் இடம் கிடைத்திருந்தது. அது அப்பாவுக்கும் தெரியும்.

"வந்து பாத்தா என்ன காணுவாங்கள்?" என்று கேட்டார்.

"இடது காலி. வலது முழு. குமிழ் வலதில நிக்குது."

அப்பா கண்ணை மூடினார். எஞ்சின் சத்தம் கேட்கும்போது அப்படித்தான் மூடுவார். திறந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது.

"நீ சட்டப்படி, இடது வத்த முன்னம் வலதுக்கு மாத்தினனீ. வலதில கொஞ்ச நேரம்தான் ஓடினனீ. நான் சும்மா இருக்கேலாமல் கை வைச்சு இடதுக்குத் திருப்பிப்போட்டன். அதில கிடந்ததும் வத்தி நிண்டிட்டுது. நீ திரும்ப வலதுக்குப் போட்டனீ, பிந்திப்போச்சு. விளங்குதோ?"

விளங்கியது. ஓர் ஓட்டை இல்லாத கதை. எஞ்சின் தெரிந்த மனிதரால் மட்டும்தான் அவ்வளவு கெதியில் அப்படி ஒரு பொய்யைப் பூட்ட முடியும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு விசாரணை

விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தையல் போட்ட நெற்றியோடு இருந்த அப்பா நடந்ததைச் சொன்னார். ஒரு பொலிஸ்காரர் மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதி முடித்து என் பக்கம் திரும்பினார். அப்பா சொல்வது சரிதானா என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

பயணியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. கொஞ்ச மாதம் பறக்கவில்லை, பிறகு ஒரு பரீட்சை. லைசன் தப்பியது. ஊரில் யாரும் அப்பாவின் கதையைச் சந்தேகிக்கவில்லை. அந்தக் கையை எல்லோருக்கும் தெரியும்தானே.

பிளேனை நிப்பாட்டின கை

முதலில் பகிடிதான். சந்தியில் தேத்தண்ணீர் குடிக்கிறவர்கள், "அண்ணை, என்ர சைக்கிளைப் பாக்காதேங்கோ, நிண்டிடும்" என்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். பகிடி நாளாக நாளாக வேறுமாதிரிப் போனது. புது உழவு இயந்திரம் வாங்கியவர்கள் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் அயலில் கனகு அண்ணை என்று ஒருவர், வருடக்கணக்காகத் தன்னுடைய தண்ணீர்ப் பம்பை அப்பாவிடமே கொண்டுவருகிறவர். ஒருநாள் அந்தப் பம்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி கராஜைத் தாண்டிப் போனார். விடுமுறையில் வந்திருந்த நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவருக்கு ஏதோ அவசரமாக்கும்" என்றார் அப்பா.

அம்மாவுக்கும் உண்மை தெரியாது. சோறு போடும்போதெல்லாம் அப்பாவை ஏசுவா. "கையை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுசன். பெத்த பிள்ளையையும் சேர்த்துச் சாக்காட்டப் பாத்தது." அப்பா குனிந்து சோற்றைக் குழைப்பார். அந்த நேரங்களில் அவர் ஒருநாளும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்வதுண்டு. அதுவும் பொய்தான்.

பரீட்சை முடியட்டும் என்றிருந்தேன். வேலை கிடைக்கட்டும் என்றிருந்தேன். வேலை நிரந்தரமாகட்டும் என்றிருந்தேன். இப்போது பெரிய விமானம் ஒன்றில் வலப்பக்க இருக்கையில், இரண்டாவது விமானியாக இருக்கிறேன். அன்று அப்பா இருந்ததும் வலப்பக்கம்தான். உண்மையையும் ரிசேவ் மாதிரிப் பொத்தியே வைத்திருந்தேன், இருமும்வரை பார்ப்போம் என்று.

முதுகு நோகிறது என்று சொல்லி அப்பா கராஜைப் பூட்டிவிட்டார். கிளம்பிய தகரம் அப்படியே கிடக்கிறது.

போன மாதம்

கொழும்பில் உரியவர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பிவிட்டேன். லைசனை எடுப்பதென்றால் எடுக்கட்டும். பரந்தன் சந்தியில் இதை வாசிக்கிறவர்களுக்கும், கனகு அண்ணைக்கும் சொல்கிறேன்: அப்பா அந்தக் குமிழைத் தொடவில்லை. ஒரு விரல்கூட வைக்கவில்லை.

கடிதத்தைத் தபாலில் போடுமுன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்றுதான் போன மாதம் லீவில் வந்தேன். அவருக்கு இப்போது மறதி. சில நாள் காலையில் வெளிக்கிட்டுப் போய்ப் பூட்டிய கராஜுக்கு முன்னால் நிற்கிறார், போய்க் கூட்டிவரவேண்டும் என்று அம்மா சொன்னா. இப்போதெல்லாம் அம்மா அவரை ஏசுவதில்லை.

வேம்புக்குக் கீழே கதிரையில் இருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். நான் கடிதத்தை விரிக்குமுன் அவர் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். கன நாளா மனசுக்க கிடக்குது."

"கேளுங்கோ அப்பா."

புருவத்துத் தழும்பைத் தடவினார். "அண்டைக்கு நான் ஏன் அதில கை வைச்சனான்?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

"நீ வடிவா ஓடிக்கொண்டிருந்தனீ. நான் ஏன் திருப்பினனான் எண்டு எவ்வளவு யோசிச்சும் விளங்குதில்லை. உன்னைச் சாக்காட்டியிருப்பன். மன்னிச்சுக்கொள் பிள்ளை."

ஊருக்குச் சொன்ன கதையைச் சொல்லிச் சொல்லி, அதற்காகப் பேச்சு வாங்கி வாங்கி, அப்பா அதையே நம்பிவிட்டார். நடந்ததை அறிந்தவர்கள் இரண்டு பேர். இப்போது நான் மட்டும்தான் மிச்சம்.

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மணிக்கூட்டைப் பார்த்தது, முள் அடியில் கிடந்தது, பம்பைப் போடாமல் விட்டது. "நீங்கள் அதைத் தொடேல்லை அப்பா. நான்தான். எல்லாம் நான்தான்." அம்மா குசினி வாசலுக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தா. அவவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அப்பா கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். பிறகு சிரித்தார். என் தலையைத் தடவிவிட்டு, குசினிப் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"கேட்டியே, பிள்ளை இண்டைக்கும் என்னை விட்டுக்குடுக்கிறாளில்லை."